14 மென்பொருள், வெறும் 5,999 ரூபாய்: வாங்கலாமா?

ஆடித்தபசுக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தது. தம்பி என்றால் சித்தப்பா மகன். கரிவலம்வந்தநல்லூரில் ஜெராக்ஸ், டிடிபி, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். இணைப்பைத் திறந்தால் 14 மென்பொருள்களின் பெட்டிப் படங்கள். மேலே ‘ஆடி அதிரடி’. 62,000 ரூபாயை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பில் 5,999. கீழே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: இன்னும் 41 மணி நேரம்.

கூடவே ஒரு குரல் பதிவு. “அண்ணே, வாங்கிப் போட்டுரவா? தனித்தனியா வாங்குனா கட்டுப்படியாகாது. நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க.”

“ரெண்டு நாள் பொறு, ஊருக்கு வாரேன்” என்று பதில் போட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரியே இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தது ஒரு மாதம் இழுத்துவிட்டது. ஏன் இழுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

பட்டியலை அடித்துப் பார்த்தோம்

சங்கரன்கோவிலில் தபசுக் கடைகளில் ‘எதை எடுத்தாலும் பத்து ரூபாய்’ என்று குவித்து வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். மென்பொருள் தொகுப்பு அப்படி இல்லை. குவியல் முழுவதையும் வாங்கினால்தான் வேண்டிய ஒன்று கைக்கு வரும்.

ஊருக்குப் போனதும் கடையில் உட்கார்ந்து 14 பெயரையும் ஒரு தாளில் எழுதினோம். தமிழ் எழுத்துருத் தொகுதி, பாஸ்போர்ட் போட்டோ மென்பொருள், ஆல்பம் டிசைன் மாதிரிகள், பிடிஎஃப் எடிட்டர், வீடியோ எடிட்டர், ஆன்டிவைரஸ், பில்லிங், வி.பி.என்., டிரைவர் அப்டேட்டர், அழிந்த கோப்பை மீட்பது, திரையைப் பதிவு செய்வது, பாஸ்வேர்டு மேனேஜர், டைப்பிங் பயிற்சி, கணினியைச் சுத்தம் செய்வது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன்: “இது மட்டும் தனியா வந்தா நீ எவ்வளவு குடுப்ப?”

டிரைவர் அப்டேட்டருக்கு வந்தபோது, “இது என்ன செய்யும்ணே?” என்று திருப்பிக் கேட்டான். விண்டோஸே அந்த வேலையைச் செய்கிறது. ஆன்டிவைரஸும் விண்டோஸ் கூடவே வருகிறது. கணினியைச் சுத்தம் செய்யும் வகையறா பெரும்பாலும் தேவையே இல்லாதது. பில்லிங்குக்கு அவனிடம் நோட்டு இருக்கிறது, அது போதும் என்றான். கடைசியில் தாளில் அடிபடாமல் நின்றது மூன்று. பாஸ்போர்ட் போட்டோவுக்கு 1,500 கொடுப்பேன், எழுத்துருவுக்கு 2,000, பிடிஎஃப்புக்கு 500 என்றான். மொத்தம் 4,000.

5,999 என்பதும் முழு விலை இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தது. ஆக 7,079 ரூபாய். அவன் வாயாலேயே 4,000 பெறும் என்று சொன்ன பொருளுக்கு 7,079.

அந்த 62,000 கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். 14 மென்பொருளின் பட்டியல் விலையைக் கூட்டினால் வருகிறது, பொய் இல்லை. ஆனால் அந்த 14-ஐயும் பட்டியல் விலைக்கு வாங்கக்கூடிய ஓர் ஆள் உலகத்தில் இருக்கிறானா? இல்லாத ஆள் கொடுக்காத பணத்திலிருந்து கழித்து வருவதுதான் ‘90 சதவீதத் தள்ளுபடி’. நமக்கு உதவுகிற ஒரே கழித்தல், நாம் கொடுக்கத் தயாராக இருந்த தொகையிலிருந்து அவர்கள் கேட்கிற தொகையைக் கழிப்பது.

கட்டி விற்பதில் உள்ள கணக்கு

தொகுப்பு என்றாலே ஏமாற்று என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதில் பழைய பொருளாதாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1962-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திரைப்படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்ற நிறுவனங்கள், ‘காசாபிளாங்கா’ வேண்டுமென்றால் ‘கொரில்லா மேன்’ போன்ற ஓடாத படங்களையும் சேர்த்து வாங்கு என்று கட்டிவிட்டன. அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். அடுத்த வருஷம் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சின்னக் கட்டுரையில், விற்பவர்கள் ஏன் இப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டார். அவர் காட்டிய கணக்கை நம்ம ஊர்க் கடைகளை வைத்துச் சொல்கிறேன். எண்கள் என் கற்பனை.

தம்பி எழுத்துருத் தொகுதிக்கு 3,000 கொடுப்பான், வீடியோ எடிட்டருக்கு 500 கொடுப்பான். பஸ் ஸ்டாப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் நேர் எதிர்: வீடியோவுக்கு 3,000, எழுத்துருவுக்கு 500. தனித்தனியாக 3,000 என்று விலை வைத்தால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், விற்பவருக்கு 6,000 கிடைக்கும். இரண்டையும் சேர்த்து 3,400 என்றால் இரண்டு பேருமே தொகுப்பை வாங்குவார்கள், 6,800 கிடைக்கும். வாங்கியவர்களுக்கும் ஆளுக்கு 100 ரூபாய் லாபம், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது 3,500 பெறும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மென்பொருளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். அரிசி மூட்டை இன்னொன்று கொடுத்தால் வியாபாரிக்குச் செலவு. மென்பொருளின் இன்னொரு பிரதிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. யானிஸ் பாகோஸ், எரிக் பிரின்யால்ஃப்சன் என்ற இரண்டு பேர் 1999-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இதை விரித்தார்கள். ஒரு தனிப் பொருளுக்கு வாங்குபவர் எவ்வளவு மதிப்புத் தருவார் என்று ஊகிப்பது கஷ்டம். நிறையப் பொருளைச் சேர்த்துவிட்டால், ஒருவருக்கு ஒன்றில் கூடுவதும் இன்னொன்றில் குறைவதும் சரிக்குச் சரியாகி, சராசரி ஓரளவு எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். விலை வைப்பது விற்பவருக்குச் சுலபம். 14 ஏன் 14 ஆக இருக்கிறது என்பதற்கு இதுதான் விடை.

ஆனால் ஸ்டிக்லரின் கணக்கில் வாங்குகிற ஆளுக்குத் தன் மதிப்பு என்னவென்று தெரியும். நமக்கு அது தெரிவதில்லை. “வீடியோ எடிட்டர் இன்னைக்கு வேண்டாம், என்னைக்காவது உதவும்லாண்ணே” என்று தம்பி சொன்னான் பாருங்கள், அந்த ‘என்னைக்காவது’வுக்குத்தான் விலை போட்டிருக்கிறார்கள்.

ஓடுகிற கடிகாரம் வேறு. மறுநாள் வேறொரு போனில் அதே பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் 41 மணி நேரம் என்றுதான் ஆரம்பித்தது. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது, கூடையில் சொல்லாமல் பொருள் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பது உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. முதலில் இருப்பதே இந்தப் பொய் அவசரம்தான். தடை இருக்கிறது, கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, ‘வாங்காதே’ என்று முடித்திருக்கலாம். அப்போதுதான் தம்பி பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான்.

சித்தப்பா வாங்கிய தொகுப்பு

சித்தப்பா பள்ளி வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு சுற்றுவட்டாரத்து ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். சொன்னவர்கள் பேரும் ஊரும் போட்டு, நடுவில் கரிவலத்தைப் பற்றித் தான் கேள்விப்பட்ட கதைகளையும் சேர்த்து, 160 பக்கம். 2001-இல் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு வாங்கினார். விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் விற்றார்கள். 120 எழுத்துரு, ஒரு படக் குறுந்தகடு, விசைப்பலகை மென்பொருள், அதோடு ‘லாக்’ என்று நாங்கள் சொன்ன ஒரு சின்னப் பூட்டுக் கட்டை. அந்தக் கட்டையைக் கணினியின் பின்னால் பிரிண்டர் சொருகுகிற இடத்தில் செருகினால்தான் தமிழ் வரும். “ஒரு வாட்டி வாங்குனா ஆயுசுக்கும்” என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

கணினி 2008-இல் செத்துப்போனது. அடுத்து வாங்கியதில் அந்தக் கட்டையைச் செருக இடமே இல்லை. தொகுப்பு விற்றவர்களின் போன் எண் வேலை செய்யவில்லை. சித்தப்பா போய் ஆறு வருஷமாகிறது. அச்சடித்து வைத்திருந்த ஒரே பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. பெட்டியில் இருந்தது இரண்டு குறுந்தகடும் அந்தப் பூட்டுக் கட்டையும்.

கோப்பைத் திறப்பதில் இரண்டு பூட்டு இருந்தது. முதல் பூட்டு, கோப்பு வகை. அவர் அடித்தது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதே அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது, அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. விற்ற நிறுவனமே கைவிட்ட கோப்பைக் கடைசியில் திறந்தது லிபர்ஆபிஸ் என்ற இலவச மென்பொருள்தான்.

திறந்தால் இரண்டாவது பூட்டு. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் மேலே கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன என்றால், ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தைப் போட்டுவிடும். பலருக்கும் தெரிந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் சேமிப்பாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இருக்கிறவரை அது அம்மா. எழுத்துரு போய்விட்டால் வெறும் குப்பை. அதுவும் ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு வேறு வேறு இடத்தில் வைத்திருந்தது. ஒருவர் தொகுப்பில் அடித்ததை இன்னொருவர் தொகுப்பில் படிக்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, பொதுக் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. யுனிகோடு என்ற ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சுத் தொழிலுக்கு இது எட்டவில்லை. பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை ஒருங்குறித் தமிழ் தெரியாது. இன்டிசைனிலேயே இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு வந்தது 2012-இல், சிஎஸ்6-இல்தான். அதுவரைக்கும் டிடிபி கடைகளுக்குத் தொகுப்பை விட்டால் வேறு கதி இல்லை. ஆகவே சித்தப்பா ஏமாந்தார் என்று சொல்ல மாட்டேன்.

இணையத்தில் கிடைக்கிற எழுத்துரு மாற்றிகள் எதிலும் அவர் தொகுப்பின் பெயர் இல்லை. நல்லவேளை, ஒரு கோயில் மலருக்கு அவர் கொடுத்த நாலு பக்கம் அச்சில் இருந்தது. அதையும் கோப்பில் உள்ள அதே நாலு பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டேன். உயிர்மெய்யில்தான் வேர்த்துவிட்டது. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. ஒருங்குறியில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஒவ்வொரு ஒகரத்தையும் எகரத்தையும் ஐகாரத்தையும் இடம் மாற்றி வைக்கவேண்டும். தம்பி ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் பிழை பார்த்தான். மூன்று வாரம். 160 பக்கத்தில் 149 வந்தது. மிச்சம் 11 பக்கம் இருந்த குறுந்தகட்டுப் பகுதி படிக்கவே முடியவில்லை. அதில் எந்தெந்தப் பாட்டிகளின் பாட்டு இருந்தது என்று இனிச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் ஊருக்கு இது புதுசு இல்லை. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். வரகுணராம பாண்டியர் சேர்த்துவைத்த சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்கு வருகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடவேண்டும் என்று சாஸ்திரம் இருப்பதாகவும், அப்படியே செய்தாகிவிட்டது என்றும் கோயில் பொறுப்பில் இருந்தவர் சொல்கிறார். கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. படிக்க ஆள் இல்லாத ஏடு அவர்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. இந்தத் தபசுக்குக்கூட வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று சித்தி கேட்டிருக்கிறார்.

அரசாங்கம் கொடுத்த இரண்டு தொகுப்புகள்

விலையே இல்லாத தொகுப்பாவது லாபமா? நமக்கு அப்படி இரண்டு கிடைத்தன.

2005 ஏப்ரலில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை சென்னையில் ஒரு தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை வெளியிட்டது. அப்போது தயாநிதி மாறன் அமைச்சர். எழுத்துருக்கள், விசைப்பலகை, தமிழாக்கிய ஓப்பன் ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், அகராதி, சொல்திருத்தி என்று நிறைய இருந்தது. இணையத்தில் பதிவு செய்தால் தபாலில் வீட்டுக்கே வரும். எனக்கும் வந்தது. தமிழில் பட்டியல் விரிகிற ஒரு எழுத்துச் செயலியை முதன்முதலில் அதில்தான் பார்த்தேன், அந்தச் சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒரே தகட்டில் ஒருங்குறி எழுத்துருவும் இருந்தது, பழைய குறியீட்டு எழுத்துருவும் இருந்தது. எதில் அடித்தால் பின்னாளில் படிக்கலாம் என்று தகட்டைப் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? என் நண்பர்களில் பாதிப்பேர் கண்ணுக்கு அழகாக இருந்த பழைய வகையைத்தான் எடுத்தார்கள். இதை அந்தத் தொகுப்பின் பெரிய குறையாக நினைக்கிறேன். நிறையக் கொடுத்தது, தேர்ந்தெடுக்கச் சொல்லித் தரவில்லை.

2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் இரண்டு இயங்குதளம் சேர்ந்தே வந்தது: விண்டோஸ், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் அந்தக் கணினி இருந்தது. பாஸைத் திறந்து பார்த்த பிள்ளை ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. அது மோசம் என்பதால் இல்லை. பள்ளியில் யாரும் காட்டித் தரவில்லை, நண்பர்கள் யாரும் பயன்படுத்தவில்லை. அதேசமயம் அந்தக் கணினியில்தான் தம்பி டிடிபி பழகினான். அதை வைத்துத்தான் கடை. ஒரு தொகுப்பில் பாதி வீணாகிப் பாதி வாழ்க்கையையே மாற்றியிருந்தால் அது நஷ்டம் என்று யார் சொல்ல முடியும்? பழக்கிவிட ஆள் இருந்த பொருள் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்பதை நான் குறித்துக்கொள்கிறேன்.

தனியார் தொகுப்பிலும் நல்ல உதாரணம் உண்டு. 2010 மே மாதம் ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ என்று சில சிறு நிறுவன விளையாட்டுகளைச் சேர்த்து, விரும்பிய விலை கொடுங்கள் என்று விற்றார்கள். ஒரு பங்கு தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. எனக்குப் பிடித்தது விலை இல்லை. அந்த விளையாட்டுகளில் பூட்டு கிடையாது. விற்றவர் கடையை மூடினாலும் வாங்கியவர் கையில் பொருள் நிற்கும்.

தம்பி சொன்ன மறுப்பு

இதையெல்லாம் சொன்னதும் தம்பி ஒன்று கேட்டான். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

“அண்ணே, பத்திரிகை அடிக்க வாரவன் யூனிகோடா கேக்கான்? எழுத்து கண்ணைப் பறிக்குதா, மாப்பிள்ளை பேரு பெருசா இருக்கான்னுதான் பாக்கான். முகூர்த்தம் முடிஞ்சா அந்தக் கோப்பு எனக்கு எதுக்கு?”

நியாயம். கல்யாணப் பத்திரிகையின் ஆயுள் தாலி கட்டுகிறவரைதான். அதைப் பழைய எழுத்துருவில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, அச்சுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. பளபளப்பான தலைப்பெழுத்து வகைகள் இலவச ஒருங்குறியில் குறைவு என்பதும் உண்மை. கூகுள் இலவசமாகத் தருகிற நோட்டோ, கேட்டமரன் போன்றவையும், தமிழ் இணையக் கல்விக்கழகம் தருகிறவையும் புத்தகத்துக்கும் கடிதத்துக்கும் அருமை. பந்தல் முகப்புக்கு ஒட்டும் பிளெக்ஸுக்குப் போதாது.

அதனால் என் முடிவைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். பூட்டிய எழுத்துரு எல்லாவற்றுக்கும் ஆகாது என்று இப்போது சொல்ல மாட்டேன். வேலையின் ஆயுளைப் பார்க்கவேண்டும். பத்திரிகை, பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், இதற்கெல்லாம் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். கோயில் வரலாறு, சங்கக் கணக்கு, பள்ளி மலர், யாராவது கொண்டுவந்து கொடுக்கிற கையெழுத்துப் பிரதி, இவற்றை ஒருங்குறியில்தான் அடிக்கவேண்டும். சித்தப்பா செய்த தவறு, பத்திரிகை அடிக்கிற கருவியில் புத்தகம் அடித்தது. அன்றைக்கு அவருக்கு வேறு கருவி இல்லை. தம்பிக்கு இருக்கிறது.

சரி, எப்படி முடிவெடுப்பது?

நான் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். உங்களுக்கும் உதவலாம்.

முதலில், ஒவ்வொரு பொருளுக்கும் ‘தனியாக வந்தால் எவ்வளவு கொடுப்பேன்’ என்று எழுதுங்கள். ‘என்றைக்காவது’ என்று தோன்றுவதற்குச் சுழியம். கூட்டுத்தொகை, வரியோடு சேர்த்த விலையைவிடக் குறைவென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, அதே வேலையைச் செய்கிற இலவச மென்பொருளை ஒரு வாரம் பழகிப் பாருங்கள். ஆவணங்களுக்கு லிபர்ஆபிஸ், படத்துக்குக் கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். பிடிக்கவில்லை என்றால் அப்போது காசு கொடுப்பதில் தப்பில்லை. பழகின மென்பொருளில் அரைமணியில் முடிகிற வேலை புதியதில் இரண்டு மணி நேரம் இழுத்தால் அதுவும் செலவுதான்.

மூன்றாவது, உரிமத்தைப் படியுங்கள். எத்தனை கணினி, எத்தனை வருஷம், கணினி மாறினால் எடுத்துப் போகலாமா, தொழிலுக்குப் பயன்படுத்தலாமா. ‘வீடு மற்றும் மாணவர்’ வகை ஆபிஸ் தொகுப்புகள் சில வருஷமாக மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அவற்றைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனைதான். கடையில் போட்டால் மலிவு போய் மீறலாகிவிடும். சில நூறு ரூபாய்க்கு வருகிற விண்டோஸ் திறவுகோல்களில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தவை. பிறகு முடக்கப்பட்டால் கேட்க ஆள் இருக்காது. ‘ஆயுள் உரிமம்’ என்றால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். விற்கிற நிறுவனத்தின் ஆயுள் என்றால் அது எத்தனை நாளோ.

நாலாவது, வாங்குவதற்கு முன்னால் சோதனைப் பதிப்பில் ஒரு பக்கம் அடித்து, கோப்பைச் சேமித்து, அந்த மென்பொருள் இல்லாத இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகவே வருகிறதா? வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் படிக்க முடிகிறதா? இரண்டு நிமிஷ வேலை. 2001-இல் யாராவது சித்தப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

இந்த நாலாவது சோதனையைச் செய்யத்தான் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குத் தம்பி போன் போட்டான். “எழுத்துரு எல்லாம் ஒருங்குறியில இருக்கா சார்?” என்றான். “எல்லா ஃபான்ட்டும் இருக்கு சார், ஐந்நூறு ஃபான்ட்” என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டான். மறுபடியும் ஐந்நூறு. சோதனைப் பதிப்பு உண்டா என்றதற்கு, காசு கட்டினால் உடனே இணைப்பு வரும் என்றார்கள்.

வாங்கவில்லை. பாஸ்போர்ட் போட்டோ மென்பொருளை மட்டும் அதைத் தயாரிக்கிறவர்களிடமே 1,200 ரூபாய்க்கு, வரி உட்பட, வாங்கிக்கொண்டான். பிடிஎஃப் வேலைக்கு இலவச மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கிறான், இன்னும் முனகல் ஓயவில்லை. எழுத்துரு வாங்குவதைத் தள்ளிவைத்திருக்கிறான். ஒருங்குறியில் பிளெக்ஸுக்கு ஆகிற நல்ல தொகுதி உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நியாயமான விலை கொடுக்கத் தயாராக இருக்கிறான்.

சித்தப்பாவின் 149 பக்கமும் இப்போது ஒருங்குறியில், சாதாரண உரைக்கோப்பாக மூன்று வீட்டில் இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சித்தியிடம் வாசித்துக் காட்டவேண்டும் என்று தம்பி சொல்கிறான். அந்த 11 பக்கத்தில் ஒன்றிரண்டு பாட்டாவது அவருக்கு ஞாபகம் இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய குறுந்தகடோ பென்டிரைவோ இருந்தால், புதுசாக எதையும் வாங்குவதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள்.